திருமலைக்கொழுந்து படத்திறப்பு

முன்னாள் எம்.எல்.ஏ. திருமலைக்கொழுந்து கல்கத்தா பாலிகஞ்சில் மகள் சுந்தரவல்லி வீட்டில் கண்ணை மூடிப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்ச் சங்க ஹாலில் படத்திறப்பு. நம் அரசியல்வாதிகளுக்குச் செத்தால் மட்டும் போதாது. மாலை போட்ட படத்தின் திரையை ஒருவர் விலக்கி, நாலு பேர் புகழ்ந்து பேசினால்தான் ஆள் நல்லவராகிறார்.

யார் திறப்பது என்று முடிவு செய்தது சங்கச் செயலாளர் ஸ்ரீநாத். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவாசி.

"செல்வராஜ் அங்கிளும் திருநெல்வேலி, உங்க அப்பாவும் திருநெல்வேலி. அவரே திறக்கட்டும் அக்கா" என்றார் சுந்தரவல்லியிடம்.

இங்கே ஒரே ஜில்லா என்றால் ஒன்றுக்குள் ஒன்று. அந்த ஜில்லாவுக்குள் ஊர் தனி, காலனி தனி என்று ஸ்ரீநாத்துக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? சுந்தரவல்லியும் சரி என்றுவிட்டாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயரான செல்வராஜ், இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் வந்து, நினைவு தடுமாறிக் கிடந்த அப்பாவுக்குத் தமிழ்ப் பேப்பர் வாசித்துக் காட்டியவர். பெற்ற மகளுக்கே அந்தப் பொறுமை இல்லை.

சனிக்கிழமை காலையில் செல்வராஜே வந்தார். வைத்த காபியைத் தொடவில்லை.

"என் கையால வேண்டாம்மா. நான் பொய்கைக்குளம் காலனிக்காரன்."

பொய்கைக்குளம் சுந்தரவல்லியின் சொந்த ஊர். நாற்பது வருஷம் முன்பு, காலனிக்காரர்கள் ஊர்த்தெரு வழியாகப் பிணம் தூக்கிப் போனார்கள் என்று அப்பா காலையில் கோயில் வாசலில் மைக் பிடித்து முழங்கினார். அன்று மத்தியானமே காலனி எரிந்தது. மூன்று பேர் செத்தார்கள். வழக்கில் அப்பா விடுதலையாகி, அடுத்த தேர்தலில் முன்னைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார். ஊரே வேட்டு போட்டுக் கொண்டாடியது, வெட்கம் கெட்ட ஊர்.

"எங்க அம்மையும் தங்கச்சியும் அதுல போயிட்டாவ. நான் அப்பவே இங்க கிரேன்ல இருந்தேன்."

"பொறவு ஏன் அண்ணாச்சி வந்து வந்து பேப்பர் வாசிச்சிய?"

"என்னிக்காவது நெனவு வந்து, 'ஆமாலே, நாந்தான்'னு ஒரு வார்த்தை சொல்லிர மாட்டாவளான்னுதான். கடைசி மட்டும் என்னைய அவுக டிரைவர்னே நெனச்சிட்டுப் போயிட்டாவ." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அவுகள அங்க பாத்தேன்னு சொன்ன எங்க சனத்தைக் கோர்ட்டு நம்பல. அப்பா மத்தியானம் காய்ச்சல்ல வீட்டுல படுத்திருந்தாவன்னு நீ சொன்னத நம்புச்சு. ஒனக்கு அப்ப பதிமூணு வயசு. அது நெசமாம்மா?"

சுந்தரவல்லி ஆறிப்போன காபியையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராஜ் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் ஹாலில் நல்ல கூட்டம். செல்வராஜ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரியாத ஸ்ரீநாத் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் முன் சுந்தரவல்லி எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"எங்கப்பாவுக்கு அன்னிக்குக் காய்ச்சல் இல்ல. மத்தியானம் வீட்டுலயே இல்ல. சாயங்காலம் வந்து சட்டையக் கழத்திப் போட்டாவ. ஒரே மண்ணெண்ணெ வாடை. அம்மா தொட மாட்டேன்னுட்டா. நான்தான் தொவச்சேன். கோர்ட்டுல பொய் சொன்னதும் நான்தான்."

படத்தின் மேல் திரை அப்படியே கிடந்தது. அவள் கீழே இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து செல்வராஜின் முன்னால் போய் நின்றாள். கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இந்த நாலு வார்த்தைக்கா நாப்பது வருசம் ஆச்சு?" என்றார்.