கைப்பிரேக்

பழைய தீயணைப்பு வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பும் தாளில், பிரேக் பிடிக்காது என்று நிலையத் தலைவர் எழுதிவிட்டார். அவர் ஓட்டுநருக்கு அக்கா புருஷன். இருபது வருஷம் அதை மலையேற்றிய ஓட்டுநருக்கு வயிறு எரிந்தது.

"புது வண்டி நீளம் மாமா. மூணாவது வளைவுல திரும்பாது."

"உன் வாய்தான்டா நீளம்!" தாளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தலைவர் தானே புது வண்டியை மேலே ஓட்டிப்போனார்.

மூன்றாவது வளைவில் அதன் பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் இறங்கித் தொங்கியது. பின்னாலேயே வந்த பழைய குட்டை வண்டி மலையோரமாக நுழைந்து முன்னால் போய் நின்றது. ஓட்டுநர் சங்கிலி மாட்டிப் பாதி இழுத்துவிட்டு, கைப்பிரேக்கைப் போட்டார்.

"ஏன்டா நிறுத்திட்டே? இழுடா!" உள்ளிருந்து தலைவர் கத்தினார்.

"பயமா இருக்கு மாமா. பிரேக் பிடிக்காதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"பொண்டாட்டி தம்பியாச்சேன்னு பாக்கறேன்!"

"நானும் அக்கா புருஷனாச்சேன்னுதான் பிடிச்சிட்டிருக்கேன்."

தலைவர் ஒருமுறை பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பிறகு தாளை நாலாகக் கிழித்து ஜன்னல் வழியே எறிந்தார்.

"கீழே இறங்கினதும் உன்னைத் தொலைச்சிடுவேன்."

"முதல்ல இறங்குங்க," என்று ஓட்டுநர் கியர் போட்டார்.