நலம் கடைசியில் வரும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு குரலாகத்தான் வந்தது: "செத்தவன் அனுப்புன 'நலம்', அதைக் கொண்டுபோய்க் கொடுக்கணுமா, மெட்டில்டா?" கேட்டவர் தேவநேசன். மெட்டில்டா அவர் மனைவி, ஓய்வுபெற்ற நர்ஸ், மைசூர் வீட்டில் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிய தனியாட்கள் ஒருவரோடொருவர் பேசும் வானொலி) வைத்திருப்பவள். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

முதல் தொடக்கம்: அன்று சாமுண்டி மலைமேல் மேகம்... (வேண்டாம். மேகத்துக்கு இங்கே வேலையில்லை.)

2

1993. லாத்தூர்ப் பக்கம் நிலநடுக்கம். போன் எதுவும் வேலை செய்யவில்லை. நிவாரண முகாமில் பிழைத்தவர்கள் எழுதித் தருவதை ஹாம்காரர் ஒருவர் ரேடியோவில் வாசிப்பார். ஹைதராபாத், பெங்களூர் என்று வாய்மாறி அது மெட்டில்டாவிடம் வரும். அவள் எழுதி எடுத்துப்போய் உரியவரிடம் கொடுப்பாள். அனுப்புவதில் ஒரு வரிசைமுறை உண்டு: ஆபத்து முதலில், சாவு அடுத்து, 'நலம்' கடைசியில். [நலமாயிருப்பவர் காத்திருக்கலாமாம்.]

அங்கே கட்டட வேலைக்குப் போயிருந்த, மைசூர் மாவட்டத்து மார்டள்ளி ஊர்க்காரன் செல்லக்கண்ணு பிழைத்தான். பிறகு இடிபாட்டில் ஆள் தேடும்போது சுவர் சரிந்து இறந்தான். அந்தச் சாவு நேற்றே வந்தது. மைசூரில் இருக்கும் அவன் மனைவி பழனாத்தாளிடம் மெட்டில்டாதான் போய்ச் சொன்னாள்.

சுவர் சரியுமுன் அவன் எழுதித் தந்தது இன்றுதான் வந்திருக்கிறது: "நலம். கவலை வேண்டாம். பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதே."

3

"சும்னே, பேசாம கிழிச்சுப் போடு. இதைப் பாத்தா அவன் உயிரோட இருக்கான்னு நெனச்சுக்குவா."

"வாங்கினதைக் கொடுக்கணும். அதான் ரூல்."

"ரூல் போட்டவன் பழனாத்தா மூஞ்சியப் பாத்தானா?"

"நான் பாத்தேன்ல? போதும், விடுங்க. ரெண்டு ராத்திரியா தூக்கமில்ல."

(மெட்டில்டாவைத் தைரியசாலியாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள்.)

4

முடிவு ஒன்று: கொடுக்கவில்லை. அடுத்த மாதம் பெரியவள் அம்மாவோடு சித்தாள் வேலைக்குப் போகிறாள்.

முடிவு இரண்டு: கொடுக்கிறாள். எழுதிய தேதியை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்துப் போனாள். அதற்குள் பழனாத்தாள், "ஏனுங்கம்மா, நேத்துச் சொன்னது பொய்யுங்களா? அவரு இருக்காருங்களா?" என்று எழுந்த வேகத்தில், அவள் முகத்தில் வந்த...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

5

ஹாம்காரரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. எதிர்முனையில் "வந்தது" என்று சொல்லும்வரைதான் செய்தி அனுப்புகிறவர் பொறுப்பு. சொன்னபின் வாங்கியவர் பொறுப்பு. மெட்டில்டா தூங்கட்டும். நானும் களைத்துவிட்டேன். செல்லக்கண்ணு எழுதியதை மேலே நீங்கள் வாசித்தாகிவிட்டது. அங்கே பழனாத்தாள், பெரியவளின் புத்தகப் பையை ஆணியிலிருந்து எடுத்துக் காலி செய்துகொண்டிருக்கிறாள்.

"முழுசா வந்துச்சா? ஓவர்."