சாட்சிக் கையெழுத்து

...சின்னக் குடை மாதிரி இருக்கும், உள்ளே போய் விரியும் என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் புரிந்தவள் போலத் தலையாட்டினாளே தவிர, குடை என்றால் காற்றடித்தால் மடங்காதா என்ற கேள்வி இருபத்தொரு நாளாக அவள் தொண்டையிலேயே நிற்கிறது, கேட்டால் சிரிப்பார்களோ என்ற வெட்கம் ஒரு பக்கம், சிரிக்காமல் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மறுபக்கம். ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை நிறுத்தி இன்றோடு இருபத்தொரு நாள். சாப்பிட்டால் கணவருக்குக் குடலில் ரத்தம் கசிகிறது, இரண்டு முறை படுக்கவைத்து ரத்தம் ஏற்றியாயிற்று. சாப்பிடாவிட்டால், தாளம் தப்பித் துடிக்கும் அந்த இதயத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டிப் பைக்குள் ரத்தம் தேங்கி, கட்டியாகி, ஒரு நாள் கிளம்பி நேரே மூளைக்குப் போய்விடலாம். பையின் வாயை அடைக்கத்தான் குடை. ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். இத்தனை நாள் வராதது இரண்டு மணி நேரத்திலா வரப்போகிறது என்கிறது மனது, ஏன் வராது என்று அதே மனதே திருப்பிக் கேட்கிறது, இரண்டு பக்கமும் வாதாட அதற்கு வக்கீலே வேண்டாம்.

கட்டிலில் கணவர் பச்சை அங்கியில் உட்கார்ந்திருக்கிறார், முதுகுப் பக்கம் திறந்த அங்கி, இந்தச் சட்டையைத் தைத்தவனுக்குப் பாதியிலேயே துணி தீர்ந்துவிட்டது போல என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார், மூன்றாவது முறை நர்ஸ்கூடச் சிரிக்கவில்லை. எப்படித்தான் இந்த மனிதருக்கு வாய் ஓய்வதில்லையோ... பக்கவாதம் வந்துவிட்டதா என்று தினமும் காலையில் அவள் வைக்கும் பரீட்சையிலும் இதே தமாஷ்தான். சிரிங்க. சிரிப்பார், வாய் கோணவில்லை. ரெண்டு கையையும் தூக்குங்க. தூக்குவார், ஒன்றும் இறங்கவில்லை. ஏதாவது பேசுங்க. "என் பொண்டாட்டி மாதிரி உண்டா" என்பார், வார்த்தை குழறவில்லை. அப்பாடா, இன்றைக்குப் பிழைத்தோம் என்று அடுப்படிக்குப் போவாள், போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பாள்.

"அப்பா, இதுல நீங்க கையெழுத்துப் போடுங்க. கீழ சாட்சிக்கு அம்மா போடணும்" என்று நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். அவர் குனிந்து போட்டார். ஏன் இத்தனை நேரம்? பேனாவைக் கொடுத்துவிட்டு உள்ளங்கையை அங்கியில் துடைத்துக்கொண்டார். அவள் படிவத்தை வாங்கினாள், அழகான கையெழுத்து, முதல் எழுத்தின் சுழி, நடுவில் ஏறி இறங்கும் கோடு, கடைசி வால், எல்லாம் அச்சடித்தது மாதிரி... அச்சடித்தது மாதிரி. முப்பத்தொரு வருடம் பேங்கில் கையெழுத்துகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்தவள் அவள், கையெழுத்தம்மா என்றே ஆபீஸில் பெயர். சொந்தக் கையெழுத்து ஒரு தடவை மாதிரி மறுதடவை இருக்காது, கை ஓடும், வால் நீளும், கோடு மெலியும். அடுத்தவன் கையெழுத்தைப் போடுகிறவன்தான் பார்த்துப் பார்த்து வரைவான், பேனா நின்று நின்று போகும், அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி இருக்கும். இதோ சுழியில் நின்றிருக்கிறது, வாலில் இரண்டு இடத்தில் எடுத்து வைத்திருக்கிறது. தன் கையெழுத்தையே வரைந்திருக்கிறார்! கையைத் தூக்கச் சொன்னாளே பாவி, விரலைக் கேட்டாளா? ஊரார் விரலையெல்லாம் உத்தியோகமாக வேவு பார்த்தவள் வீட்டில் ஒரு காகிதத்தை நீட்ட மறந்தாளே!

நர்ஸ் மாத்திரை எடுக்க வெளியே போனதும் கேட்டாள். "எப்பலேர்ந்து?"

"என்னது எப்பலேர்ந்து?" என்றார், அவள் பார்த்த பார்வையில் தலையைக் குனிந்துகொண்டார். "செவ்வாக்கிழமை. பொத்தான் போடும்போது விரல் சொன்ன பேச்சு கேக்கல. கொஞ்ச நேரத்துல முக்காவாசி சரியாயிடுச்சு. மூணு நாளா எழுதிப் பழகினேன்."

"எங்கிட்டகூடச் சொல்லலியே நீங்க..."

"சொன்னா இன்னைக்குப் பண்ண மாட்டாங்க. மறுபடி ஸ்கேன், மறுபடி வேற தேதி. அதுவரைக்கும் மாத்திரையும் இல்லாம, குடையும் இல்லாம... என்னால முடியாதும்மா. பயமா இருக்கு. நீ போட்டுடு."

பயமா இருக்கு. முப்பத்தாறு வருடத்தில் இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. போட்டுவிடலாமா? ஒரு கிறுக்கல்தானே, இரண்டு மணி நேரத்தில் குடை உள்ளே விரிந்துவிடும், எல்லாம் முடிந்துவிடும்... தொடை வழியாகக் குழாய் உள்ளே போகும்போது அந்தப் பையில் இன்னொரு கட்டி காத்துக்கொண்டிருந்தால்? மூளையில் இப்போது என்ன இருக்கிறதோ, அது தெரியாமல் டாக்டர் தொடையில் ஊசியைக் குத்தினால்? பேனா விரலிடுக்கில் வழுக்கியது. கோபமாக வந்தது, அழுகையாக வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பேனாவை மூடினாள். வேண்டாம் என்பது போல அவர் அவள் முந்தானையைப் பிடித்தார், பிடித்த விரல்கள் அவள் நகர்ந்ததுமே தாமாக விட்டுவிட்டன.

"சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க. உடனே" என்று வாசலில் நின்று சொன்னாள், குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. யாரோ ஓடினார்கள், யாரோ சக்கர நாற்காலியை ஓரம் தள்ளினார்கள். செவ்வாய்க்கிழமை... அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரிக்கவைத்தார், பரீட்சையே வேண்டாம் போ என்று அவளே விட்டுவிட்டாள். இந்த இருபத்தொரு நாளில் அவள் கொஞ்சமாவது நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.