சென்னப்பனின் சம்மதம்

எழிலரசி அப்பாவை இடது பக்கமாகப் புரட்டி, அவர் முதுகுக்குப் பின்னால் அழுக்கு விரிப்பைச் சுருட்டித் தள்ளினாள். துவைத்த விரிப்பில் பாதியை அந்த இடத்தில் பரப்பிவிட்டு, கட்டிலைச் சுற்றி வந்து அவரைத் தன் பக்கமாக மெல்ல இழுத்தாள். எடையே இல்லை. நான்கு மாதத்துக்கு முன்புவரை மாங்காய்க் கூடைகளைத் தோளில் தூக்கி வண்டியில் ஏற்றியவர்.

“வலிக்குதுங்களாப்பா?”

சென்னப்பன் கண்ணைத் திறக்காமல் தலையை அசைத்தார். இல்லை என்பதுபோலவும் இருந்தது, ஆமாம் என்பதுபோலவும் இருந்தது.

நோயாளியை எழுப்பாமல் விரிப்பு மாற்றுவதை அவள் கைட்ஸ் என்கிற சாரணியர் வகுப்பில் கற்றிருந்தாள். காரிமங்கலத்தில் பங்குக் கோயிலை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமைதோறும் மதியம் நடக்கும் வகுப்பு. முடிச்சுப் போடுவது, முதலுதவி, கூடாரம் அடிப்பது. அதோடு பைபிள், ஜெபம், முடியாமல் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது. ஒன்பது மாதம் ஒழுங்காக வந்தால் விசுவாசப் பதக்கம் கொடுப்பார்கள். முகாமுக்குப் போகும்போதெல்லாம் கூடாரங்களையும் பெரிய பெரிய அண்டாக்களையும் சென்னப்பன்தான் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். மாலையில் பிள்ளைகள் நெருப்பைச் சுற்றிப் பாடும்போது வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து தாளம் போடுவார். ஆனால் கோயிலுக்குள் மட்டும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியையும் மகளையும் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

அம்மா அமலோற்பவம் ஒரு டம்ளர் தண்ணீரோடு உள்ளே வந்தாள். காலையில் வந்துபோன நர்ஸ், இன்று பொழுது தாண்டுவது சிரமம் என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்.

“ஃபாதரு சேலத்துல மீட்டிங்ல இருக்காராம். சாயந்தரந்தான் வருவாராம்” என்றாள் அம்மா. டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள். “நீ ஊத்திடு.”

“என்னதும்மா?”

“தெரியாத மாதிரி கேக்காத. அவசரத்துக்கு யார் வேணா ஞானஸ்நானம் குடுக்கலாம்னு நீதான வந்து சொன்ன. பொம்மைய வெச்சி பழகுனோம்னு சிரிச்சியே.”

உண்மைதான். கேப்டன் ஜெயபிரியா மிஸ் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொண்டுவந்து, ஒவ்வொருத்தியாக அதன் நெற்றியில் தண்ணீர் ஊற்றி வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார். பொம்மையின் ஒரு கண் மூடாமல் முழித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு மிஸ் சொன்னார்: “கைக்குழந்தைன்னா வேற. பெரியவங்கன்னா மொதல்ல அவங்களைக் கேக்கணும். வேணும்னு அவங்க சொல்லணும். அப்பதான் ஊத்தணும்.”

“நீயே ஊத்தலாமேம்மா” என்றாள் எழிலரசி.

அமலோற்பவம் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள். “கல்யாணத்தப்பவே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. உன் சாமிய நான் தடுக்க மாட்டன், நீயும் என்னைய மாத்தப் பாக்கக் கூடாதுன்னு. இத்தனை வருசத்துல ஒரு நாளு அவரு தடுத்தது இல்ல. நானும் வாயைத் தொறந்தது இல்ல.” மகளை நிமிர்ந்து பார்த்தாள். “நீ ஒண்ணும் சத்தியம் பண்ணலியே.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எழிலரசி கட்டிலருகே முட்டிபோட்டு உட்கார்ந்தாள். வெளியே சந்தைக்குப் போகிற ஆட்டோவில் கோழிகள் கத்திக்கொண்டு போயின. அப்பா கண் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கேட்டிருப்பார் என்று தெரியவில்லை.

“அப்பா. தண்ணி ஊத்தட்டுங்களா?”

“குடிக்கவா?”

“இல்லீங்கப்பா. ஞானஸ்நானம்.”

அவர் உதடு கொஞ்சம் விரிந்தது. பேச நேரம் எடுத்துக்கொண்டார். “உங்க சாமிக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்ல கண்ணு. நல்ல சாமிதான். உங்கம்மாவை நல்லா வெச்சிருக்குது.” மூச்சு வாங்கியது. “எங்கப்பன் ஆத்தா படுத்துக் கெடக்கற எடத்துல கொண்டுபோயி போட்டுருங்க. நான் சொல்லாத ஒண்ணை எம்பேர்ல சொல்லாதீங்க.”

“சரிங்கப்பா.”

“அம்மா மேல கோவிச்சுக்காத.”

அவள் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். ஒரு சொட்டை விழுங்கினார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

இரண்டு மணிக்கு மேல் மூச்சு மாறியது. நீளமாக ஒரு மூச்சு, பிறகு இடைவெளி, அடுத்தது வருமா என்று காத்திருக்க வைத்து ஒரு மூச்சு. அம்மா ஓடிவந்து பார்த்தாள். கன்னத்தைத் தட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவருக்கு நினைவு இல்லை.

“இப்ப அவருக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள் மெதுவாக, மகளின் காதருகே. “ஊத்துடி. உங்கால்ல வேணா வுழறன். மோட்சத்துலயாவது நாங்க ஒண்ணா இருக்க வேணாமா?” பிறகு, தன் கண்ணெதிரில் அது நடக்கக் கூடாது என்பதுபோல வேகமாக வெளியே போனாள்.

எழிலரசி டம்ளரை எடுத்தாள். அப்பாவின் நெற்றி கட்டிலின் விளிம்பில் மிகப் பக்கத்தில் இருந்தது. மூன்று தடவை கையைச் சாய்த்தால் போதும். சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அம்மா சாகும்வரை நிம்மதியாக இருப்பாள்.

அவள் டம்ளரை ஜன்னல் கட்டையிலேயே வைத்தாள். அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டீரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

அம்மா உள்ளே வந்தபோது அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். “ஊத்துனியா?”

“இல்லம்மா.”

அமலோற்பவம் அழவில்லை. மகளை ஒரு கணம் யாரோ போலப் பார்த்துவிட்டு, கணவரின் கண்களை மூடி, வேட்டியைச் சரிசெய்யத் தொடங்கினாள். எழிலரசி உதவ வந்தபோது அவள் கையைத் தட்டிவிட்டாள்.

மாலை ஐந்து மணிக்கெல்லாம் வாசலில் சாமியானா போட்டாகிவிட்டது. பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் அண்ணன் கருப்பண்ணன் வேன் பிடித்து வந்து சேர்ந்தார். கூடவே நான்கைந்து பங்காளிகள். உடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சண்டைக்குத் தயாரானவர்போலக் கதவோரம் நின்றார். பங்குத்தந்தை சூசைநாதன் சேலத்திலிருந்து நேராக வந்து இறங்கியது அப்போதுதான்.

அமலோற்பவம் அவர் முன்னால் போய் நின்றாள்.

“அவருக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சிங்க ஃபாதர். எம்பொண்ணு ஊத்திட்டா. நம்ம கல்லறைத் தோட்டத்துலயே எடம் குடுங்க.”

“அதெப்படிங்க?” கருப்பண்ணன் ஓர் அடி முன்னால் வந்தார். “எந்தம்பி அப்படி ஒரு நாளும் பண்ண மாட்டான்.”

“நீங்க கூட இருந்தீங்களா? அவளைக் கேளுங்க. கைட்ஸ்ல படிச்சிருக்கா, பொய் சொல்ல மாட்டா.”

எல்லோரும் எழிலரசியைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். பதினேழு வருடத்தில் அம்மா அவளிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. ஒரே வார்த்தை. ‘ஆமாம்’ என்றால் போதும், அம்மாவுக்கு அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும்.

“சொல்லும்மா” என்றார் ஃபாதர். அவர் குரலில் அவசரம் இல்லை.

“இல்லீங்க ஃபாதர்.” அவளுக்கே தன் குரல் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “நான் ஊத்தல. நெனவு இருக்கறப்பவே கேட்டன். வேணாம்னுட்டாரு. அவங்கப்பா அம்மா பக்கத்துல படுத்துக்கறேன்னு சொன்னாரு.”

கருப்பண்ணன் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வாதாட அவரிடம் இருந்ததெல்லாம் தேவையில்லாமல் போயிற்று. அமலோற்பவம் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான், அன்றைக்கு முதல்முறையாக, சத்தம்போட்டு அழுதாள்.

ஃபாதர் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார். மோட்சத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “ஞாயித்துக்கெழமை பூசை முடிச்சிட்டு வெளிய வந்தா, மொதல்ல அவரு மொகத்துலதான் முழிப்பேன். வண்டிக்குள்ளருந்தே கும்பிடு போடுவாரு” என்றார். பிறகு கருப்பண்ணனை நிமிர்ந்து பார்த்தார். “ஊருக்கே கொண்டு போங்க. நானும் வரலாங்களா?”

கருப்பண்ணன் தொண்டையைச் செருமினார். “வாங்க சாமி. வேன்ல எடம் இருக்குது.”

மறுநாள் காலை ஊரில் அடக்கம். சாரணியர் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் நீலச் சீருடையில் ஜெயபிரியா மிஸ்ஸோடு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வேலியோரம் நின்றார்கள். பிறகு யாரும் சொல்லாமலே ஜக்கும் டம்ளருமாக வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார்கள். எழிலரசி அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அம்மா முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவளோடு ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

பாடைத் தேர் கிளம்பும்போது அமலோற்பவமும் எழுந்து பின்னால் நடந்தாள்.

“பொம்பளைங்க அங்க வர்ற வழக்கம் இல்லம்மா” என்றார் ஒரு பங்காளி.

“எங்கள்ல வருவாங்க” என்றாள் அவள். நடையை நிறுத்தவில்லை.

கருப்பண்ணனின் மனைவி ராமக்காள் கூட்டத்திலிருந்து விலகி வந்தாள். “அவ வரட்டும். தனியா வர்றான்னுதான ஒரு மாதிரி இருக்குது? நானும் போறன்” என்று சொல்லி, கொழுந்தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கருப்பண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு மேலே நடந்தார். எழிலரசி பத்தடி பின்னால் நடந்தாள்.

மகன் இல்லாத சென்னப்பனுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் அவர் அண்ணன் மகன் செய்தான். எல்லாம் முடிந்ததும் கருப்பண்ணன் மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேளம் நின்றது. ஃபாதர் குழியருகே போய் நின்று, சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். அதில் சென்னப்பனின் பேரை அப்படியே சொன்னார். பிறகு எல்லோரையும்போல ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போட்டார்.

மதியத்துக்குள் கூட்டம் கலைந்தது. ஃபாதரும் பிள்ளைகளும் கிளம்பிப் போனார்கள். பெரியப்பா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அழுது ஓய்ந்த வீட்டில் சுவரோரம் மின்விசிறி மட்டும் திரும்பித் திரும்பி வீசிக்கொண்டிருந்தது. எழிலரசி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

அமலோற்பவம் மணிபர்ஸைத் திறந்து ஜெபமாலையை எடுத்தாள்.

“இங்க சொல்லலாங்களா அக்கா?” என்று ராமக்காளைக் கேட்டாள்.

“இதென்ன கேள்வி? சொல்லு.”

அவள் அதன் சிலுவையை முத்தமிட்டு, கண்ணை மூடித் தொடங்கினாள். “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று தன் பாதியைச் சொல்லி முடித்தாள். பிறகு நிறுத்தினாள். மீதிப் பாதியை எதிரில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே யாருக்கும் அது தெரியாது. அம்மா அந்த மணியை விரலில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அதையும் தானே சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். போகவில்லை.

“தூய மரியே, இறைவனின் தாயே” என்று எழிலரசி நிலையில் சாய்ந்தபடியே ஆரம்பித்தாள்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மகள் சொல்லி முடித்ததும் அவள் விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது. ராமக்காள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக, “ஆமென்” என்றாள்.