இணைச்சீருக்கு யார் நிற்பது?

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சகத்திலிருந்து கைக்கு வந்ததும் அப்புசாமி அதை யாருக்கும் காட்டவில்லை. திருச்செங்கோட்டுப் பட்டறையில் நின்றிருந்த, போர்வெல் போடுகிற தன் ரிக் லாரியின் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் ஒரே இடத்தில் கண் நின்றது. நின்ற இடத்தில் மனசு குளிர்ந்தது.

மகன் ஜெகதீஸ்வரனுக்குக் கல்யாணம். பெண் எருமப்பட்டி தீபிகா. பத்திரிகையின் கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று உறவுக்காரர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அந்தப் பக்கத்துப் பத்திரிகைகளில் யாரும் வெறும் பெயரோடு வருவதில்லை. படித்தவருக்குப் பட்டம், வேலையில் இருப்பவருக்குப் பதவி, பத்தாவதோடு நின்றவருக்குத் 'தொழிலதிபர்'. அப்புசாமியே 'ரிக் அதிபர்'தான். அந்த வரிசையின் நட்டநடுவில், மற்றதைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில், அவரே அச்சகத்தில் பக்கத்தில் நின்று சொல்லிப் போடவைத்த வரி:

'திருநங்கை கிருத்திகா, பி.டெக்.'

கிருத்திகா அவருடைய இளைய பிள்ளை. சேலத்தில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் படுக்கை விரிப்புகளுக்கு டிசைன் போடுகிறாள். நாலு வருஷத்துக்கு முன் அவள் போன் பண்ணி, தான் பெண் என்றும், இனிமேல் அப்படித்தான் வாழப்போவதாகவும், பெயர் கிருத்திகா என்றும் சொன்னபோது அப்புசாமி ராய்ப்பூர் பக்கம் ஒரு காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் சத்தத்தில் முதலில் காது கேட்கவில்லை. கேட்ட பிறகு வாய் வரவில்லை. கடைசியில், "சாப்பிட்டயா சாமி?" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தையிலேயே வண்டியை ஓட்டிவந்தார். பெரியவர்களும் சாமி, பிள்ளைகளும் சாமி, கோயிலில் இருப்பதும் சாமி. 'வந்தயா சாமி, படுத்துக்க சாமி' என்றால் தீர்ந்தது. 'மகள்' என்று சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் அவருக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும்.

ஆனால் மனசில் குறுகுறுப்பு இருந்தது. சுங்கச்சாவடியில் கை தட்டிக் காசு கேட்டு வருபவர்களை டிரைவர்கள் என்னென்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கூடச் சேர்ந்து சிரித்தும் இருக்கிறார். அந்தப் பேர்களில் ஒன்று எங்கேயாவது தன் பிள்ளைமேல் விழுந்துவிடுமோ என்று பயம். டிவியில் ஒருநாள் 'திருநங்கை என்பதே மரியாதையான சொல்' என்று ஒருவர் விளக்கியதும் அப்புசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்னாலேயே 'திரு' இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? பத்திரிகையில் போட்டார்.

அன்று சனிக்கிழமை. கிருத்திகா வீட்டுக்கு வந்திருந்தாள். அப்புசாமி பத்திரிகையைக் கூடத்தில் எல்லோர் நடுவிலும் வைத்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

முதலில் படித்த சௌந்திரம் கணவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு எண்ணெய்ச் சட்டி காய்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே இல்லை.

கிருத்திகா படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஏனுங்கப்பா, அண்ணன் பேருக்கு முன்னால 'ஆம்பளை'ன்னு போடலீங்களா?"

ஜெகதீஸ்வரன் வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டான்.

"அவனுக்கு எதுக்கு சாமி அது?"

"எனக்கு எதுக்குங்க இது?"

அப்புசாமிக்கு முகம் விழுந்துவிட்டது. "அது தப்பு வார்த்தையா? மரியாதையான வார்த்தைன்னு டிவியிலயே சொன்னாங்களே!"

"மரியாதையான வார்த்தைதானுங்க. ஆஸ்பத்திரியில கேட்டாச் சொல்லுவேன். ஆபீசு பாரத்துல எழுதுவேன். வெக்கப்படவே மாட்டேன். ஆனா அது பரீட்சை எழுதி வாங்குன பட்டம் இல்லீங்களே." அவள் விரலை அந்த வரியின் மேல் வைத்தாள். "இதைப் படிச்சா ஒறம்பரைச் சனத்துக்கெல்லாம் என்னையப் பத்தி ஒரு சமாச்சாரம் தெரியும். நான் இந்த ஊட்டுக்கு என்ன வேணும்னு தெரியாது. அப்புசாமிக்கு யாரோ தெரிஞ்ச பொண்ணு போல இருக்குதுன்னு நெனைச்சுக்குவாங்க."

அப்புசாமி பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மைதான். சித்தப்பாவுக்கு 'சித்தப்பா' என்று இருந்தது. மாமாவுக்கு 'மாமா' என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் இடம் பார்த்தவர் இதை விட்டிருந்தார்.

"எனக்கு இதெல்லாம் யாரு சாமி சொல்லிக் குடுத்தாங்க?" என்றார் பரிதாபமாக. "நீ மாறுனப்ப நான் ஊர்லயே இல்ல."

"நான் எங்கீங்கப்பா மாறுனேன்? நீங்க மழைக்கு ரிக்கை நிறுத்திப்போட்டு ஊட்டுக்கு வர்றப்பெல்லாம் நான் இப்படியேதான் இருந்தேன். சட்டைதான் வேற. நாலு வருசம் முன்னாடி வாயத் தொறந்து சொன்னேன், அவ்வளவுதான்."

அப்புசாமி தலையைச் சொறிந்தார். ஆனால் அந்த நாலு வருஷத்தில் முதல் தடவையாக, பேச்சு சாப்பாட்டைத் தாண்டிப் போயிருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. அச்சகத்துக்குப் போன் போட்டு, "அந்த வரியை எடுத்துப்போட்டு, 'மணமகன் தங்கை'ன்னு போட்டு பேரு போடுங்க. ஆமாங்க, தங்கை. த-ங்-கை" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

உள்ளேயிருந்து சௌந்திரம் அப்போதுதான் வெளியே வந்தாள்.

"தங்கச்சின்னு பத்திரிக்கையில போட்டாச்சு. அப்ப இணைச்சீரு?" என்றான் ஜெகதீஸ்வரன்.

சௌந்திரம் மறுபடியும் உள்ளே போகத் திரும்பினாள்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளைக்கு நடக்கிற சீர் அது. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் மணப்பெண்போல அலங்கரித்துக்கொண்டு, பேழை மூடி என்கிற மூங்கில் தட்டை இடுப்பில் ஏந்தி வந்து அண்ணன் பக்கத்தில் நிற்பாள். கூறைப் புடவையின் ஒரு முனை அவன் கையில், இன்னொரு முனை இவள் கையில். பொண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்பதுதான் அதன் அர்த்தம். கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில் சித்தப்பா மகளோ பெரியப்பா மகளோ நிற்பாள். அப்புசாமியின் அக்கா ராமாத்தாள், தம்பி வீட்டில் பெண் பிள்ளை இல்லை என்று தானாகவே முடிவுகட்டி, ஜெகதீஸ்வரனின் சித்தப்பா மகள் மதுமதிக்குச் சிவப்புப் பட்டே எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"இவ நிக்காம நான் மணையில உக்கார மாட்டேன்" என்றான் ஜெகதீஸ்வரன்.

"நீ சும்மா இருண்ணா" என்றாள் கிருத்திகா. அவள் அப்பாவைத்தான் பார்த்தாள். "எனக்கு ஆசைதானுங்க. சின்னதுலருந்து ஆசை. ஆனா நானாப் போயி நிக்க மாட்டேன். சண்டை போட்டும் நிக்க மாட்டேன். அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் நீங்க என்னையக் கூப்புடோணும். கூப்புட்டா வாரேன். இல்லீன்னா மூணு வேளையும் நல்லாச் சாப்பிட்டுப்போட்டு, பந்தியில வடை பரிமாறிப்போட்டு சேலம் போயிருவேன்."

"பாக்கலாம் சாமி" என்றார் அப்புசாமி. சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார்.

புதுப் பத்திரிகை ராமாத்தாள் வீட்டுக்கும் போனது. "காயிதத்துல என்ன வேண்ணாலும் அச்சடிச்சுக்கட்டும், சீருன்னா அது சாங்கியம்" என்று அவள் சொன்னதாகத் தகவல் வந்தது. அப்புசாமிக்கு அக்காளிடம் பயம் உண்டு. அறுபது வயதிலும் உண்டு. பத்திரிகை சுலபம், அச்சடிக்கிறது மெஷின். வாயால் சொல்வதற்கு மெஷின் கிடையாது.

நாமக்கல்லில் மண்டபம். சாயங்காலமே கூட்டம் நிறைந்துவிட்டது. மேடையில் ஜெகதீஸ்வரன் வேட்டி சரிய நின்றிருந்தான். மேளச் சத்தம் காதைப் பிளந்தது. சீர்களைச் செய்துவைக்கிற அருமைக்காரர் மேடையிலிருந்து சத்தமாகக் கேட்டார்:

"மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ எங்கீங்க? பேழை மூடியை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க!"

ராமாத்தாள் மதுமதியின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். சிவப்புப் பட்டில் மதுமதி, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடுபோல முழித்தபடி, தட்டோடு ஓர் அடி எடுத்துவைத்தாள்.

நாலாவது வரிசையில் பச்சைப் பட்டில் கிருத்திகா உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்ததை அப்புசாமி பார்த்தார்.

தொள்ளாயிரம் அடி போயும் தண்ணீர் வராத போர் எத்தனையோ அவர் பார்த்திருக்கிறார். வெறும் புழுதி பறக்கும். தோட்டத்துச் சொந்தக்காரர் மூஞ்சியைப் பார்க்க முடியாது. அப்போதெல்லாம் அப்புசாமி துளைபோடும் ஆட்களிடம் ஒன்றுதான் சொல்வார்: 'இன்னும் ஒரு ராடு எறக்குங்கடா.'

எழுந்தார். "மதுமதி, நில்லு!" என்றார். மேளத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "கிருத்திகா!" என்றார். அதுவும் கேட்கவில்லை. மதுமதி மேடைப் படியில் கால் வைத்துவிட்டாள். அப்புசாமி நாலு பக்கமும் பார்த்தார். மேடை ஓரத்தில், 'சாப்பிடாதவர்கள் பந்திக்கு வரவும்' என்று அறிவித்துக்கொண்டிருந்தவரின் கையில் மைக் இருந்தது. பிடுங்கினார். எதை எடுத்தாலும் புழுதியை ஊதுகிற முப்பது வருஷப் பட்டறைப் பழக்கம், முதலில் அதில் ஊதினார்.

"ஹலோ, ஹலோ... செக். கிருத்திகா... என்ற மக கிருத்திகா... எங்க இருந்தாலும் ஒடனே மேடைக்கு வரவும்!"

காணாமல் போன பிள்ளையைத் தேரோட்டத்தில் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. ஒலிபெருக்கி சாப்பாட்டுக் கூடத்திலும் இருந்தது, வாசலிலும் இருந்தது. பந்தியில் இருந்தவர்கள் கையில் பாயசத்தோடு எட்டிப் பார்த்தார்கள். மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

அந்த அமைதியில் ராமாத்தாள்தான் முதலில் பேசினாள்.

"ஏண்டா அப்பு, அவ நாலாவது வரிசையிலதானடா உக்கோந்திருக்கறா! அதுக்கு எதுக்குடா மைக்கு?"

மண்டபம் சிரித்தது. ராமாத்தாளுக்குத் தான் சொல்ல வந்தது அதில்லை என்று அப்புறம்தான் உறைத்தது. "அது கெடக்குது. சாங்கியத்துல வந்து, பொம்பளைப் புள்ள..."

"அக்கா." அப்புசாமி மைக்கை இறக்க மறந்திருந்தார். எல்லாருக்கும் கேட்டது. "எனக்கு நீதான் இணைச்சீருக்கு நின்ன. அன்னைக்கு உன்னைய யாராச்சும் ஒரு கேள்வி கேட்டாங்களா? கூடப்பொறந்தவ, வந்து நின்ன. இவனுக்குக் கூடப்பொறந்தவ இவ ஒருத்திதான். எனக்கு இருக்கறது ஒரே மக."

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தாகம் எடுக்கவில்லை.

கிருத்திகா எழுந்து வந்துகொண்டிருந்தாள். பாதி நடை, பாதி ஓட்டம். மதுமதி படியிலிருந்து குதித்து இறங்கி அவள் கையில் தட்டைத் திணித்தாள். "இந்தாக்கா, புடி. காலைல இருந்து ஒத்திகை பார்த்து இடுப்பே போச்சு. நான் பந்திக்குப் போறேன்."

அருமைக்காரர் கிருத்திகாவை ஒருதரம் பார்த்தார். "அண்ணனுக்கு மூத்தவளா, எளையவளா?"

"எளையவளுங்க."

"செரி அம்மிணி, கெழக்க பார்த்து நில்லு. நேரமாவுது." அவருக்கு அதற்குமேல் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

ராமாத்தாள் மேடை ஏறிப் போவதைப் பார்த்து அப்புசாமி மைக்கோடு ரெண்டு அடி முன்னால் போனார். அவள் நேராகப் போய் கிருத்திகாவின் கையைப் பிடித்து, தட்டை இடது இடுப்புக்கு மாற்றினாள்.

"நான் ஒத்துக்கிட்டேன்னு ஒண்ணும் நெனைச்சுக்காத. தட்டைப் புடிச்சிருக்கற லச்சணம் பொறுக்கல, அதான். ஆமா, ஆஸ்பத்திரியில ஆப்பரேசன் கீப்பரேசன் ஏதாச்சும்..."

"அத்தை, உங்க ஆப்பரேசனைப் பத்தி நான் என்னைக்காச்சும் கேட்டனுங்களா?"

ராமாத்தாள் மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "மடிப்பை நேரா வெய்யி" என்று புடவையை இழுத்துவிட்டாள். இழுத்தது கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தது.

மேளம் மறுபடியும் கிளம்பியது. கூறைப் புடவையின் ஒரு முனையை ஜெகதீஸ்வரன் பிடித்துக்கொண்டான். மறுமுனை கிருத்திகாவின் கையில்.

"நல்லா இறுக்கிப் புடி, எருமப்பட்டிக்கே இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க" என்றான் அவன். சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். மேடைக்குக் கீழே சௌந்திரம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மை கலைஞ்சிருச்சு பாரு, மை கலைஞ்சிருச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

சீர் முடிந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனபோது எருமப்பட்டிக்காரர் ஒருவர் அப்புசாமியை நிறுத்தினார்.

"ஏனுங் சம்பந்தி, பச்சைச் சேலை கட்டிக்கிட்டு நின்ன பொண்ணு..."

"என்ற மகளுங்க" என்றார் அப்புசாமி. "சேலத்துல வேலை. கம்ப்யூட்டர்லயே பூவெல்லாம் வரைவாளுங்க. அமெரிக்காவுல படுத்துத் தூங்கறாங்களே, அந்தப் படுக்கை விரிப்பெல்லாம் என்ற மக போட்டதுதானுங்க."

"அப்படிங்களா. மாப்பிள்ளை கீப்பிள்ளை பாக்கறீங்களா?"

"அதை அவளைத்தானுங்க கேக்கோணும். நான் வாயத் தொறந்தாத் திட்டுவா. என்ற மக காப்பியே குடிக்க மாட்டாளுங்க. ஆனா கோவம் மட்டும் சூடா வரும். ஒருக்கா என்ற மக என்ன பண்ணுனான்னா..."

எருமப்பட்டிக்காரரின் இலையில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது. அப்புசாமி நிறுத்துவதாக இல்லை. அவர் பக்கத்து இலைக்காரரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டபோது சௌந்திரம் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, போதும் வாங்க. நாளைக்குக் கல்யாணம் மகனுக்குங்க. அவனைப் பத்தியும் ரெண்டு வார்த்தை பேசுங்க!"