அதானா, அத்தானா?

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். டிவியில் ஒரு தொடர் முடிந்துபோனதற்கு ஒருத்தி நிலைகொள்ளாமல் தவித்த கதை இருக்கிறது, சொல்கிறேன்.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. மாமியார் துணி வெட்டுவாள், மருமகள் தைப்பாள். மகன் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பான், தூதும் போவான். அவன் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால், மாமியார் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவளுக்கு மகன் வழியாகத்தான் சேதி போகும்.

"டேய், காலர் கோணுதுன்னு அவகிட்டச் சொல்லு."

"அம்மா சொல்றாங்க, காலர்..."

"காது கேக்குது. பிரிச்சாச்சுன்னு சொல்லுங்க."

இதற்கு ஒரே விலக்கு அந்த மர்மத் தொடர். பூட்டிய மாடியறையில் பெரிய முதலாளியைக் கொன்றது யார் என்பதுதான் கதை. வருஷக்கணக்காக இழுத்தார்கள். ஒரு நாள் மாமியார் தன்னை மறந்து, "அந்தச் சமையல்காரன் முழியே சரியில்ல, பார்த்தியா?" என்று கேட்டுவிட்டாள். "அவன் இல்ல அத்தை, டிரைவர்" என்றாள் மருமகள். அன்று முதல் தொடர் ஓடும் நேரமெல்லாம் இருவருக்கும் வாய் ஓயாது. முடிவில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் பழையபடி மகன் தேவைப்படுவான்.

ஆகவே 'இறுதிப் பகுதி' என்று விளம்பரம் வந்ததிலிருந்து மருமகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொலைகாரன் எவனாக இருந்தால் என்ன? இனிமேல் அத்தை தன்னிடம் எதைப் பேசுவாள்? சட்டையின் வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மறுபடியும் அப்படியே தைத்தாள்.

கடைசிக் காட்சியும் வந்தது. முதலாளியின் மகள் சாகக் கிடக்கிறாள். பக்கத்தில் அவள் புருஷன். போலீஸ்காரர் குனிந்து, "யாரும்மா செஞ்சது? தெரிஞ்சுதானே இத்தனை வருஷம் வாயைத் திறக்கல?" என்கிறார். அவள் உதடு அசைகிறது. தெளிவில்லாத ஒரே ஒரு சொல். கண் மூடிவிட்டாள். முற்றும்!

"அத்தான்னு சொன்னா! புருஷனையே காட்டிக்கொடுத்துட்டா அத்தை!" என்று துள்ளினாள் மருமகள்.

மாமியார் டிவியை அணைத்தாள். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மருமகள் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடைக்கு வந்தவர்கள் அளவு கொடுக்கவில்லை, தீர்ப்புக் கொடுத்தார்கள். "இத்தனை வருஷம் பார்த்தவன் தலையில மிளகாய் அரைச்சுட்டானுங்க!" என்று பொரிந்த வாத்தியார், கால்சட்டையை வாங்காமலே போய்விட்டார். "புருஷன்தான், சந்தேகமே இல்ல" என்றார் தபால்காரர். மாமியார் தலை நிமிராமல் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும், "டேய், அவகிட்டச் சொல்லு" என்றாள். மருமகள் மிஷினை நிறுத்தினாள். பழைய தூது திரும்பி வந்துவிட்டது.

"அத்தானும் இல்ல, பொத்தானும் இல்ல. அவ சொன்னது அதான். தெரிஞ்சுதானே வாயைத் திறக்கலன்னு கேட்டாரு, அதான்னு ஒத்துக்கிட்டா. தான் செஞ்சதாலதான் மறைச்சா, கொலைகாரியே அவதான்!"

பொத்தான் நூலைப் பல்லில் கடித்தபடி மகன் திரும்பி, சேதியைத் தலைகீழாக்கினான். "அம்மா சொல்றாங்க, அது அதான் இல்லையாம், அத்தானாம்."

"நானும் அதானே சொல்றேன்!"

"அம்மா, அவளும் அதான்னுதான் சொல்றா."

"நான் எங்கங்க அதான்னு சொன்னேன்? அத்தான்னு சொன்னேன்!"

"என்னையா கூப்பிட்டே?"

மாமியார் கத்திரியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "நீ வாயை மூடுடா, கூறுகெட்டவனே! ஏன்டி, என்னைப் பார்த்துச் சொல்லு. கட்டினவனைச் சாகும்போது எவளாவது காட்டிக்கொடுப்பாளா?"

"ஏன் கொடுக்கமாட்டா? அவன் பண்ண அக்கிரமம் கொஞ்சமா அத்தை?"

"அப்ப மாடிச் சாவி அவ இடுப்புக்கு எப்படி வந்துச்சு?"

மகன் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தான். அவனை யாரும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. மெள்ளக் காஜா எடுக்கப் போய்விட்டான்.

மத்தியானமாகியும் வழக்கு தீரவில்லை. "சாப்பாடு ஆறுதுடி, வா. தின்னுக்கிட்டே சண்டை போடலாம்" என்று மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள் மாமியார்.

கண்ணுகளா, உங்கள் வீட்டிலும் சண்டைக்குக்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும் பாக்கியம் நிலைக்கட்டும். அடுப்பும் பேச்சும் அணையாமல், எல்லாரும் நன்றாக இருங்கள்.