ஏழு தடவை ஆடும் கார்

கார் வந்து வேலியோரம் நின்றதும் ஞானபாக்கியம் எண்ணத் தொடங்குவாள். ஏசுதாசன் கதவைத் திறந்து இறங்கும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாயும். பிறகு எழும்பும், மறுபடி சாயும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரைக்கும் போகும். கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்க்க அவளுக்குக் கிடைத்தது ஒரு முருங்கைமரம், ஒரு துண்டு மலை, இந்தக் கார், இவ்வளவுதான். மலை அசையாது. முருங்கை காற்றடித்தால் அசையும். கார் மட்டும் தினமும் சாயங்காலம் தவறாமல் ஏழு தடவை ஆடும்.

மேலகரத்தில் அவர்கள் வீடு. மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது விற்ற கறுப்பு இங்கிலீஷ் கார் அது. ஏசுதாசன் அதை வாங்கி, தென்காசி ரயிலடிக்கும் குற்றாலத்துக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தான். ஞானபாக்கியம் இலத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் அவளை ஆறு மைல் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் அவன் ரயிலடிக்குப் போவான். அவளைக் கட்டிய நாளிலிருந்து அதில் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

போன செப்டம்பரில் ஒருநாள் இலத்தூர் ரோட்டுப் பாலத்தில் ஏறி இறங்கியபோது பின் சக்கரத்து வில்பட்டை படீரென்று ஒடிந்தது. பின் இருக்கை அவளைக் கூரைவரை தூக்கிப் போட்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. இரண்டு மாதம் பாளையங்கோட்டை ஆசுபத்திரியில் கிடந்தாள். பிறகு இந்தக் கட்டில். ஏப்ரல் மாதத்தில் கம்பை ஊன்றி அடுப்படிவரை நடக்க முடிந்தது. டாக்டர் சொன்னதை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தலாம், தடையில்லை. இன்னும் ஒரு வருஷத்துக்கு உடம்பு குலுங்கக் கூடாது. பஸ் ஆகாது, மாட்டுவண்டி நினைக்கவே கூடாது.

அந்த மாதமே பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. ஜூன் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை பள்ளி திறக்கிற அன்று முதல் மணிக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் வேலை அவளுடையது. இல்லையென்றால் வேறொருவருக்குப் போய்விடும்.

ஏசுதாசன் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். மறுநாள் நல்ல வெள்ளைத்தாள் ஒன்று வாங்கி வந்து அவளுடைய பைபிளுக்குள் வைத்தான். ராஜினாமா எழுத. வேலையை விடு என்று அவன் சத்தம் போட்டிருந்தால் அவளும் சத்தம் போட்டிருப்பாள். அவன் சத்தமே போடுகிறவனில்லை. காலையில் எழுந்து கஞ்சி வைத்தான், அவளுக்கு வெந்நீர் போட்டான், துணி துவைத்தான். மத்தியானச் சவாரியை விட்டுவிட்டு வந்து சோறு போட்டான். இத்தனை மாதத்தில் ஒருநாள் முகம் சுளித்தது கிடையாது. அவன் அவ்வளவு நல்லவனாக இருந்ததால் அந்த அறையில் எந்தப் பக்கம் முட்டினாலும் மெத்தையில்தான் முட்ட வேண்டியிருந்தது. கதவு எந்தப் பக்கம் என்பதே அவளுக்கு மறந்துகொண்டு வந்தது.

காரைச் சரிசெய்யலாமே என்று கேட்டால் அவனிடம் பதில் தயாராக இருந்தது. ஒடிந்த பட்டையை ஏதோ கட்டுப்போட்டு ஓட்டுகிறேன். நாலு ஷாக்கும் செத்துப்போயிற்று. அந்த மாடலுக்குச் சாமான் இப்போது சீமையிலிருந்து வருவதில்லை. மதராசில் ஒரு கடையில் இருக்கிறது, அந்த விலைக்கு இன்னொரு பாதிக் கார் வாங்கலாம்.

அவள் மேலும் கேட்கவில்லை. தபால்காரரிடம் ஒரு கார்டு வாங்கி, தென்காசியில் பட்டறை வைத்திருந்த துல்கர்னைனுக்கு எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கார்டு சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்தது.

“ரெண்டு மைலுக்கு ஒரு கார்டு எழுதுன ஆளை இப்பத்தான் பாக்குதேன்” என்றார். “சிலோன்ல இருந்து என் மச்சான்தான் எழுதிட்டானோன்னு பதறிப்போயிட்டேன், டீச்சரம்மா.”

ஏசுதாசன் அப்போது வீட்டில் இருந்தான். வந்தவரை விரட்ட முடியாது. துல்கர்னைன் காரின் முன்பக்கத்து மட்கார்டில் இரண்டு கையையும் வைத்து அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். வண்டி ஆடியது. ஜன்னலுக்குள்ளிருந்து ஞானபாக்கியம் “ஏழு” என்றாள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“ஏழுதான். இது காரில்ல அண்ணாச்சி, தொட்டில். இதுலயா சீசன் ஆளுகளை ஏத்துதிய?”

அப்புறம் ஜன்னலோரம் வந்து நின்று அவளுக்கே விளக்கினார். பள்ளத்தை வாங்கிக்கொள்வது வில்பட்டை. வாங்கிக்கொண்ட பிறகு வருகிற ஆட்டத்தை அடக்குவது ஷாக். இந்தக் காரில் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு இரும்புப் பெட்டி உண்டு. பெட்டிக்குள் எண்ணெய். சக்கரம் ஏறி இறங்கும்போது ஒரு தண்டு அந்த எண்ணெயைச் சின்னத் துளை வழியாகத் தள்ளும். எண்ணெய் அதில் நுழைந்து போகப் படுகிற சிரமத்தில்தான் ஆட்டம் அடங்கும். பெட்டி ஒன்றும் கெடவில்லை. உள்ளே தோல் வாஷர் தேய்ந்து எண்ணெய் ஒழுகிவிட்டது. புதுசு எதற்கு?

ஒரு வாரம் வேலை நடந்தது. பட்டைகளைக் கழற்றிக் கொல்லன் உலையில் காய்ச்சி, படுத்துப்போனதை மறுபடி வளைத்து எடுத்துவந்தார். ஒடிந்த பட்டைக்குப் பதில் பழைய லாரிப் பட்டை ஒன்றை அளவுக்கு வெட்டிப் போட்டார். பெட்டிகளை மண்ணெண்ணெயில் கழுவினார். குதிரைவண்டிக்காரர் ஒருவர் தூக்கிப்போட்ட சேணத்து வாரை அறுத்து வாஷர் செய்தார். மதராஸ்கடை விலையில் ஒரே ஒரு ஷாக்குக்குப் பாதிகூட ஆகவில்லை. வேண்டாமென்று சொல்ல ஏசுதாசனுக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. பெட்டிகளைத் திரும்ப மாட்டிவிட்டுக் கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது துல்கர்னைன் அவனிடம் சொன்னது ஜன்னலுக்குள்ளும் கேட்டது:

“நல்ல விளக்கெண்ணெயா வாங்கி, மேல்திருகைக் கழட்டி, ரொம்புற மட்டும் ஊத்திக்கிடுங்க.”

அன்று சாயங்காலம் ஜன்னல் வழியாக வந்த வாசனையை ஞானபாக்கியம் உடனே கண்டுகொண்டாள். தேங்காயெண்ணெய். ஏசுதாசனுக்குச் சொந்த ஊர் வடகரை. அங்கே அவன் அண்ணன்மார் தோப்பிலிருந்து மாதாமாதம் ஒரு டின் வரும். தாளிக்க அதுதான், தலைக்கு அதுதான், கதவுக் கீலுக்கும் அவள் இடுப்புக்கும் அதுதான். அந்த வீட்டில் எண்ணெய் என்றாலே அது ஒன்றுதான். அவன் மேல்திருகைக் கழற்றி அதையே ஊற்றிக்கொண்டிருந்தான். எண்ணெய்தானே என்று நினைத்துக்கொண்டாள். மே மாத வெயிலில் அது தண்ணீர்போல இறங்கியது.

முடித்ததும் அவன் மட்கார்டை அமுக்கினான். கார் தாழ்ந்தது, எழுந்தது, நின்றது.

“ஒண்ணு” என்றாள் ஞானபாக்கியம்.

அவன் மறுபடி அமுக்கிப் பார்த்தான். மறுபடியும் ஒன்றுதான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லாததை அவள் பார்த்தாள், பார்க்காததுபோல இருந்துகொண்டாள்.

மறுநாள் அவளைப் பின் இருக்கையில் தலையணை வைத்து உட்காரவைத்துக் குற்றாலம் வரைக்கும் போய்வந்தான். அருவியில் தண்ணீர் இல்லை, கருத்த பாறைதான் இருந்தது. அவளுக்கு அதுபோதும். சாலை அவளுக்கு அடியில் படகுத்துறைத் தண்ணீர்போல மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பைபிளுக்குள் இருந்த வெள்ளைத்தாளை எடுத்து முதல் நாள் பாடத்துக்குக் குறிப்பு எழுதினாள்.

ஜூன் மூன்றாம் தேதி இரவு சாரல் விழுந்தது. ஞாயிறு முழுவதும் மலை தெரியவில்லை. காற்று ஜன்னல் சட்டத்தை உலுக்கியது. திங்கட்கிழமை விடிந்தபோது தரை சில்லென்று இருந்தது. அவன் வழக்கம்போல அவள் கட்டிலருகே முக்காலியில் சீப்பு, கண்ணாடி, எண்ணெய்ப் புட்டி மூன்றையும் கொண்டுவந்து வைத்தான். புட்டி கைக்கு இதமாக வெதுவெதுப்பாக இருந்தது. இளகிய எண்ணெயை உள்ளங்கையில் விட்டு, தலையில் தேய்த்து, சீவி முடிந்துகொண்டு எட்டே காலுக்கு அவள் காரில் ஏறினாள்.

ஏறும்போதே வண்டி தாழவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. மேலகரத்து முனையில் முதல் பள்ளம் வந்தபோது அடி நேராக இடுப்பில் விழுந்தது. கட்டைவண்டியில் போட்ட நெல்மூட்டைபோல உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டாவது பள்ளத்தில் அவள் உதட்டைக் கடித்தாள். தென்காசியைத் தாண்டுவதற்குள் இருக்கைக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துவிட்டன. சாலையில் கிடந்த ஒவ்வொரு ஜல்லியும் தனித்தனியாக அவளிடம் வந்து பேசியது. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. மலையும் இல்லை, முருங்கையும் இல்லை. இந்த வெள்ளை திரும்பவும் அந்தக் கட்டிலில்தான் கொண்டுபோய் விடப்போகிறது என்று நினைத்தாள்.

இலத்தூர் ரோட்டில் ஒரு டீக்கடைப் பக்கம் அவன் வண்டியை ஓரங்கட்டினான். திரும்பிப் பார்த்தான். அவன் கண்களும் கலங்கியிருந்தன.

“முடியல பாத்தியா. திரும்பிருவோம் பாக்கியம். பள்ளிக்கூடத்துக்கு நான் போயி சொல்லிக்கிடுதேன்.”

தலையிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு வழிந்து காதோரம் இறங்கியது. அவள் அதை விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். எண்ணெய் இளகியேதான் இருந்தது.

“காலைல எண்ணெய்ப் புட்டியை அடுப்போரம் வச்சிருந்தியளோ?”

“ஆமா.”

“எதுக்கு வச்சிய?”

“உறைஞ்சு கெடந்துச்சு. சாரல் விழுந்தா…” என்றவன் நிறுத்திக்கொண்டான்.

டீக்கடையில் யாரோ டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு சாரலுக்கும், கட்டிய நாளிலிருந்து, அந்தப் புட்டியை அடுப்போரம் வைத்து இளக்கி எடுத்துவருவது அவன்தான். தோப்பில் பிறந்தவன். தேங்காயெண்ணெய் எப்போது உறையும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு பெட்டிக்குள்ளும் துளையில் நுழையாமல் உறைந்து கிடந்தது அதே எண்ணெய்.

“தெரியாமத்தான் ஊத்துனேன்” என்றான்.

“தெரிஞ்சு ஊத்துனியன்னு நான் சொல்லலியே.”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினான். அன்றைக்குப் பட்டை ஒடிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறதாம். அவள் காரில் ஏறப்போகிறாள் என்றாலே அந்தச் சத்தம்தான் கேட்கிறதாம். எண்ணெய் ஊற்றுகிறபோது மனசில் என்ன இருந்தது என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

“உங்களுக்குச் சத்தம் கேக்குது. எனக்கு அந்த ஜன்னல் தெரியுது” என்றாள் அவள். “கடைல போயி ஒரு குடம் வெந்நி வாங்கிட்டு வாங்க.”

அவன் புரியாமல் பார்த்தான்.

“புட்டிக்கு அடுப்பு. பொட்டிக்கு வெந்நி. போங்க, முதல் மணி அடிச்சிரப்போவுது.”

டீக்கடைக்காரர் பாய்லரைத் திறந்துவிட்டார். காருக்கு வெந்நீர் வார்க்கிற வேடிக்கையைப் பார்க்க நாலு பேர் குடையோடு கூடினார்கள். சளி பிடித்திருந்தால் ரெண்டு துளசி போடச் சொன்னார் ஒருவர். ஏசுதாசன் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் பெட்டியின்மேல் செம்பு செம்பாக ஊற்றினான். ஆவி எழும்பிக் கண்ணாடியை மூடியது. இரண்டாவது குடமும் தீர்ந்த பிறகு மட்கார்டில் கைவைத்து அமுக்கினான். வண்டி மெல்லத் தாழ்ந்து எழுந்து நின்றது.

மிச்சச் சாலை வலிக்கத்தான் செய்தது. வாசலில் கம்பை ஊன்றி இறங்கும்போது முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை பேனாவை நீட்டினார். ஞானபாக்கியம் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள், ஒன்பது மாதத்தில் எழுத்து கொஞ்சம் மாறியிருந்தது.

பகல் முழுவதும் மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே சாரல் பெய்தது. இந்தச் சாரல் ஆகஸ்டு வரைக்கும் போகும். வெந்நீர் தினமும் கிடைக்காது, கிடைத்தாலும் ஒன்றிரண்டு மைலில் ஆறிவிடும். பெட்டியில் அந்த எண்ணெய் இருக்கிறவரை தினமும் காலையில் அவன் வண்டியை ஓரங்கட்டி, கண்கலங்கி, திரும்பிருவோம் என்று சொல்லலாம். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவளும் சரி என்று சொல்லிவிடக்கூடும். அவளுக்குப் பயமாக இருந்தது தன்னைப் பற்றித்தான். மத்தியான மணி அடித்ததும் பள்ளிக்கூடத்து ஆயா ஆவுடையம்மாளைக் கூப்பிட்டு ஊருக்குள் அனுப்பினாள்.

நாலு மணிக்கு ஏசுதாசன் வந்தபோது வகுப்பு மேஜைமேல் இரண்டு பெரிய புட்டி விளக்கெண்ணெய் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“வீட்டுக்குப் போயி ஊத்திக்கிடலாம்.”

“இங்கனயே ஊத்துங்க. நான் பாக்கணும்.”

சாக்கை விரித்து அவன் சக்கரத்தோரம் படுத்தான். திருகைக் கழற்றி, கம்பியை விட்டுக் கிண்டி, உள்ளே இருந்ததை வெளியே எடுத்தான். சோற்றுப் பதத்தில் வெள்ளைக் கட்டியாக வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. அதை வழக்கம்போலத் தலையில் தடவப்போனவன், மேலே அவள் நிற்பதைப் பார்த்துவிட்டுப் புல்லில் துடைத்தான். அவள் ஒரு கையில் கம்பை ஊன்றி, மறுகையால் அவன் தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலாவது பெட்டிக்கு வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. இடுப்பு கடுத்தது. அவள் உட்காரவில்லை.

“நாளைக்கும் வரணுமாட்டி?” என்று கீழேயிருந்து கேட்டான்.

“எட்டே காலுக்கு” என்றாள்.

அவன் புட்டியைச் சாய்த்தான். விளக்கெண்ணெய் மெதுவாக, மிக மெதுவாக, துளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.